புள்ளியும் தூசியும்

தமிழ் படித்தவர்கள் கணினியைப் பற்றிப் பேசும்போது எழுத்துருவைப் பற்றிப் பேசுவோம், ஒருங்குறியைப் பற்றிப் பேசுவோம், பிழைதிருத்தியைப் பற்றிச் சண்டை போடுவோம். விசைப்பலகைக் குறுக்குவழிகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது ஏதோ தட்டச்சு நிலையத்துச் சங்கதி, அச்சகத்துப் பையன்களின் வித்தை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. சென்ற கோடை விடுமுறை முழுவதும் போட்டோஷாப்பின் முன் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சிறிது எழுதத் தோன்றுகிறது. படம் செம்மை செய்வது எப்படி என்று கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. ஒரு பழைய புத்தகத்தைத் துடைத்தெடுக்கப் போய், இடது கையால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டவன், அவ்வளவே.

புத்தகம் ஒரு நீதிநூல் உரை. கையடக்கமானது, 264 பக்கம், நூறாண்டுக்கு முந்தைய அச்சு. உரையாசிரியரின் பேரர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பதைக் கடந்தவர். தாத்தாவின் புத்தகம் அவரிடம் இருப்பது ஒரே படி. நூலகங்களில் நான் தேடிய வரையில் இன்னொன்று அகப்படவில்லை. தாள் அப்பளம் போல் இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் கையோடு வந்தது. "ஒரு தடவைதான் தம்பி, இது தாங்கும். அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆகவே மறுபடி வருடலாம் என்ற ஆறுதல் கிடையாது. அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் சாம்பல் நிறப் படங்களாக எடுத்துக்கொண்டோம். புத்தகம் அவர் வீட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு நம்மிடம் இருப்பது படங்கள் மட்டுமே.

அந்தப் படங்களில் என்னென்ன இருந்தன என்று சொல்ல வேண்டும். நடுமடிப்பின் கரிய நிழல், பூச்சி துளைத்த ஓட்டைகள், ஈரம் ஏறிய மஞ்சள் வளையம், பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் மங்கலாக ஊடுருவுதல், இவற்றுக்கு மேல் பக்கம் முழுவதும் மணலைத் தூவியதைப் போலக் கரும்பொட்டுகள். முதற் பக்கத்தைச் சுட்டியால் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து செம்மை செய்து முடிக்க 25 நிமிடம் ஆயிற்று. 264 பக்கத்துக்குக் கணக்குப் போட்டேன்: நூற்றுப்பத்து மணி நேரம். வலது மணிக்கட்டு அதற்குள்ளாகவே முறையிடத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் என் பழைய மாணவர் ஒருவரை வரச் சொன்னேன். இளங்கலைத் தமிழ் படித்தவர். இப்போது திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை. முகூர்த்த மாதங்களில் ஒரே இரவில் நானூறு படங்களைப் பார்த்து முடிக்கிற கூட்டம் அது. வந்து என் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, "ஐயா, இடது கைய எங்க வச்சிருக்கீங்க?" என்றார். மேசைமேல், தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைத்திருந்தேன். "அதுதான் வேலை செய்யணும். வலது கை சும்மா கோடு போடத்தான்" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கையில் மிருதங்க வித்துவானின் தொப்பிக் கை நினைவுக்கு வந்தது. இடது கை விசைப்பலகையை விட்டு எழவே இல்லை. பி என்றால் தூரிகை. எஸ் என்றால் நகலெடுக்கும் முத்திரை. சதுர அடைப்புக்குறி இரண்டும் தூரிகையைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். அவற்றோடு ஷிப்டையும் சேர்த்தால் தூரிகை விளிம்பின் மென்மையும் கடுமையும் மாறும். டி அழுத்தினால் நிறங்கள் கருப்பு வெள்ளைக்குத் திரும்பும். எக்ஸ் அழுத்தினால் அவை இரண்டும் இடம் மாறும். எண் விசையில் 5 தட்டினால் தூரிகையின் அடர்த்தி பாதி, 0 தட்டினால் முழுமை. இடவெளி விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை எந்தக் கருவியும் கையாக மாறித் தாளை நகர்த்தும். விட்டால் பழைய கருவியே மீண்டும் கையில். கண்ட்ரோல்-ஜே அடுக்கைப் படியெடுக்கும். மூலப்படம் அடியில் தீண்டப்படாமல் கிடக்கும். கண்ட்ரோல்-எல் அழுத்தித் தாளின் மஞ்சளை வெள்ளைக்கும் மையின் பழுப்பைக் கருப்புக்கும் தள்ளலாம். நடுமடிப்பின் நிழலை அழிக்க நான் மேலிருந்து கீழாக வெள்ளையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே ஒரு சொடுக்கு, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு சொடுக்கு. இடையில் நேர்கோடு தானே விழுந்தது, நிழல் போயிற்று.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது, ஆல்பக்காரர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஒரு வழி. கண்ட்ரோல்-1 படத்தை நூறு விழுக்காட்டுக்குக் கொண்டுவரும். கண்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்ந்தால் இருநூறு. டேப் விசை பக்கத்துப் பலகைகளை எல்லாம் மறைத்துவிடும். இந்த அளவில் என் புத்தகத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டு திரையாக விரிகிறது. ஹோம் விசை இடது மேல் மூலைக்குக் கொண்டு நிறுத்தும். கண்ட்ரோலோடு பேஜ்டவுன் ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தும். தனியே பேஜ்டவுன் ஒரு திரை கீழே. இப்படி வரிசையாகப் போனால், பார்க்காமல் விட்ட மூலை என்று ஒன்று இருக்க முடியாது. சுட்டியால் தாளை இழுத்து அலையும்போது கண் தனக்குப் பிடித்த இடத்துக்கே போகிறது; பிடிக்காத மூலையைத் தாண்டிவிடுகிறது. மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் தெரியும்.

ஒரு வாரத்தில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்ற கணக்குக்கு வந்துவிட்டேன். ஐம்பது வயதை நெருங்குகிறவனின் விரல் ஒரு வாரத்தில் பழகுகிறது என்றால், இந்த விசைகளைத் தேர்ந்தவர்கள் எதையோ சரியாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்ற மூன்றும் 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருப்பெற்றவை. லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் அங்கே ஜிப்ஸி என்ற எழுத்துச் செம்மைப்படுத்தியை உருவாக்கினார்கள். டெஸ்லர் பின்னர் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்று பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் நான்கு விசைகள் இப்பணிக்கு அமர்ந்தன. எக்ஸ் அடித்தல் குறியாகவும், வி மெய்ப்பில் விடுபட்ட சொல்லுக்கு இடும் கூரைக்குறியைத் தலைகீழாக்கியது போலவும் எனக்குத் தோன்றும். டெஸ்லர் 2020 பிப்ரவரியில் மறைந்தார். நாள்தோறும் அவரது விசைகளை அழுத்தும் கோடிக்கணக்கானவர்களில் அவர் பெயர் அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்? ஏடெழுதியவர்களின் பெயரும் நமக்குத் தெரியாதுதான்.

போட்டோஷாப்பைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல் தொடங்கிய நிரல் அது. திரைப்படத் தந்திரக் காட்சிகளில் பணியாற்றிய தம்பி ஜான் நோல் அதற்குத் துணை. அடோபி அதை வெளியிட்டது 1990இல். மென்பொருள் திறக்கும்போது முகப்புத் திரையில் ஓடும் பெயர்களில் பல ஆண்டுகளாகச் சீதாராமன் நாராயணன் என்ற பெயரும் இருந்ததை நம் ஊர் ஸ்டுடியோப் பையன்கள் யாவரும் அறிவர். ஒரு பெயரை அத்தனை முறை படித்தால் அவர் உறவினரைப் போல் ஆகிவிடுகிறார்.

குறுக்கம் என்பது நமக்குப் புதிதன்று. பழைய கணக்கேடுகளைப் புரட்டியவர்களுக்கு ௳, ௴, ௵ தெரியும்: நாள், மாதம், வருடம். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. நாள்தோறும் நூறு முறை எழுத வேண்டிய சொல்லை எழுதுகிறவன் கை தானே சுருக்கிக்கொள்கிறது. என் வகுப்பில் இந்தக் குறிகளைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் அரசு முத்திரையைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். கண்ட்ரோல்-சி-யும் இதே இனம்தான் என்றால் சிரிக்கிறார்கள்.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன். பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்பதையும் குறைக்கலாம் என்றார் மாணவர். போட்டோஷாப்பில் தூசியையும் கீறலையும் நீக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதை ஒரு செயல்தொடராகப் பதிவு செய்து எஃப் விசை ஒன்றில் ஏற்றிவிட்டால், ஒரே தட்டில் பக்கம் வெளுத்துவிடும். 264 பக்கங்களையும் மொத்தமாக ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு பக்கத்தில் சோதனை செய்து பார்த்தோம். பொட்டுகள் எல்லாம் போய்ப் பக்கம் பளிச்சென்று இருந்தது. நான் வாசிக்கத் தொடங்கினேன். அது கல்வியின் சிறப்பைச் சொல்லும் அதிகாரம். தலைப்பு பெரிய எழுத்து, அது தப்பியிருந்தது. உரையின் மூன்றாம் வரியில், பெரியோர் இளமையிலேயே பிள்ளைகளுக்குக் கலவியைப் புகட்ட வேண்டும் என்று இருந்தது.

மாணவருக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. "ஐயா, இத அப்படியே போட்டிருந்தா…" என்றவர் முடிக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தச் சிறிய அச்செழுத்தின் மேல் உள்ள புள்ளி அரை மில்லிமீட்டர் கூட இராது. நாங்கள் எடுத்த அடர்த்தியில் ஆறு படப்புள்ளி அகலம். தாளின் கரும்பொட்டும் பெரும்பாலும் அதே அளவு. வடிகட்டி செய்வது ஒவ்வோர் இடத்திலும் சுற்றுப்புறத்தைப் பார்த்து, அதனோடு ஒட்டாத சிறு பொருளைச் சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே கரைத்துவிடுவது. பொட்டைக் கரைக்கும் அளவுக்கு அதன் வட்டத்தை விரித்தால் புள்ளியும் கரையும். புள்ளி தப்பும் அளவுக்குச் சுருக்கினால் பொட்டும் தப்பும். ஆங்கில நூலில் சிறிய ஐ எழுத்தின் மேற்புள்ளி போனாலும் வாசகன் இடறுவதில்லை. தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அன்பு அனபாகும், நட்பு நடபாகும். இவையாவது பொருளற்றவை, கண் நின்றுவிடும். பல் பலவாகும், கல்வி கலவியாகும் இடங்களில்தான் ஆபத்து. பொருளுள்ள சொல்லைக் கண் கேள்வி கேட்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்பது தொல்காப்பியத்திலேயே சொல்லப்பட்ட விதி. ஆனால் ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேற்றுமையும் இவ்வாறே மயங்கிக் கிடந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தின் வழியாகத் தெளிவு பெற்றது. சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா. போன்றவர்களின் உழைப்பில் பெரும்பங்கு, ஏட்டில் இல்லாத புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதே. அவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வைத்த புள்ளிகளை நான் ஒரு எஃப் விசையால் திரும்பப் பெற்றுக்கொள்ள இருந்தேன்!

வடிகட்டியை விட்டுவிட்டோம். தாளின் மஞ்சளை நீக்குவதற்கு மட்டும் செயல்தொடர், பொட்டுகள் கையால். மாணவர் இதை எளிதாகவே ஏற்றார். அவர் தொழிலிலும் இது உண்டாம். "பொண்ணு முகத்துல பருவ எடுக்கலாங்கய்யா, மச்சத்த எடுக்கக் கூடாது. மச்சம் காணோம்னா அம்மாக்காரங்க ஆல்பத்தையே திருப்பி விட்டுருவாங்க." எது பரு, எது மச்சம் என்று மென்பொருளுக்குத் தெரியாது, வீட்டாருக்குத் தெரியும். பதிப்பாசிரியன் அந்த வீட்டாரில் ஒருவனாக இருக்க வேண்டும் போலும்.

இங்கே ஒரு விசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கும் கண்ட்ரோல்-இசட் என்றால் செய்ததை மாற்றுவது. மீண்டும் அழுத்தினால் அதற்கு முன் செய்ததை மாற்றுவது. போட்டோஷாப்பில் மட்டும் நெடுங்காலம் அப்படியில்லை. முதல் அழுத்தில் செய்தது மறையும், இரண்டாம் அழுத்தில் அதுவே திரும்ப வரும். ஒவ்வொரு படியாகப் பின்னே போக ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத் திட்டினார்கள். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் அடோபி இதை உலக வழக்குக்கு மாற்றிவிட்டது. இப்போது பழையவர்கள் திட்டினார்கள். இருபது ஆண்டாகப் பழகிய விரலிடம் போய் விதி மாறிவிட்டது என்று யார் சொல்வது? என் மாணவர் இரண்டாவது கட்சி. அவர் சொன்ன காரணம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. ஒரு பொட்டை அழித்தவுடன் அந்த விசையை நான்கைந்து முறை விடாமல் தட்டுவார். திரையில் அந்தப் பொட்டு மட்டும் மின்மினி போல் இருக்கும், இராது, இருக்கும், இராது. அசையாத பக்கத்தில் அசையும் ஒன்றைக் கண் விடாது. அது எழுத்தின் தலைக்கு நேராக மின்னினால் புள்ளி. ஓரமாக மின்னினால் தூசி. புதிய பதிப்பில் இந்த மின்னல் ஆல்ட்டோடு சேர்ந்த பழைய கூட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கோடையில் நான் அழுத்திய விசைகளுள் இதுவே மிகுதியாக இருக்கும்.

சில பக்கங்களை மாணவரிடமே கொடுத்திருந்தேன். ஒரு நாள் பேசியில் அழைத்து, பத்தொன்பதாம் பக்கத்தில் மை ஒழுகியிருக்கிறது, ஒரே சொல்லில் மூன்று இடம், அழிக்கவா என்றார். படத்தை அனுப்பச் சொன்னேன். ஒழுகியிருந்தது மையன்று, பழைய ணை. 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய வடிவம், யானைத் துதிக்கை போல் எழுத்துக்கு முன்னே எழும்பி நிற்பது. லை, ளை, னை ஆகியவற்றுக்கும் அதுவே. ணா, றா, னா ஆகியவற்றில் கால் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். தமிழில் பட்டம் பெற்றவர்தான் அவர். பாடநூல்கள் எல்லாம் புதிய எழுத்தில் வந்துவிட்ட தலைமுறைக்கு அது ஒழுகிய மையாகத் தெரிவதில் வியப்பில்லை. பழைய வடிவங்களை ஒரு தாளில் எழுதிப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன். அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டதாகச் சொன்னார். பிறகு அப்படிப்பட்ட கேள்வி வரவில்லை.

இன்னொரு தொல்லை தமிழ் விசைப்பலகையோடு வேலை செய்கிற எல்லாருக்கும் நேர்வது. குறிப்பு எழுதுவதற்காகத் தமிழுக்கு மாற்றிவிட்டு, திருப்பி மாற்ற மறந்து போட்டோஷாப்புக்குள் வந்தால் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் சரிவர வேலை செய்வதில்லை. கருவி மாறாது, கணினி பழுதாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். கேப்ஸ்லாக் விழுந்திருந்தால் வேறு வேடிக்கை: தூரிகையின் வட்டம் மறைந்து வெறும் குறுக்குக்குறி நிற்கும். நான் பயன்படுத்துவது தமிழ்99 அமைப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது; உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அக்கா என்று எழுதப் புள்ளியைத் தேட வேண்டாம். இந்தச் சாளரத்தில் கேட்காமலே புள்ளி வைக்கும் கணினி, அடுத்த சாளரத்தில் கேட்காமலே புள்ளியை அழிக்கப் பார்க்கிறது.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: அழிக்கலாம், எழுதக் கூடாது. எஸ் விசையின் முத்திரையால் பக்கத்து வரியிலிருந்து ஒரு புள்ளியை எடுத்து, புள்ளி விழாத எழுத்தின் மேல் வைப்பது இரண்டு நொடி வேலை. பூச்சி தின்ற ககரத்தின் பாதியை வேறு ககரத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதும் அப்படியே. 2023க்குப் பிறகு வந்த பதிப்புகளில் ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டால் மென்பொருள் தானாகவே எதையாவது வரைந்து நிரப்பும். பார்ப்பதற்கு எழுத்துப் போலவே இருக்கும். அச்சிட்டவன் வைக்காத ஒன்றைப் படத்தில் வைத்துவிட்டால் பின்னால் வருகிறவன் அதை மூலம் என்றே கொள்வான். சிதைந்த இடத்தைப் புள்ளிக்கோடிட்டுக் காட்டுவது பதிப்பு மரபு. படத்திலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். இதனால் பக்கங்கள் ஆல்பக்காரர் மெச்சும் அழகில் இல்லை. மாணவருக்கு அது இன்றளவும் சிறு வருத்தம்.

புள்ளியா தூசியா என்று எத்தனை முறை மின்ன வைத்தாலும் தெரியாத இடங்கள் இருந்தன. அவற்றுக்காகக் கண்ட்ரோல்-ஷிப்ட்-என் அழுத்தி மேலே வெற்றடுக்கு ஒன்று திறந்து, ஐயமான இடத்தைச் சிவப்பு வட்டத்தால் குறித்துக்கொண்டே போனேன். புத்தகம் முழுமைக்கும் 41 வட்டம். அந்தப் பக்கங்களை மட்டும் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பூதக்கண்ணாடியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வட்டத்துக்கு முன்னால் உள்ள நான்கு சொற்களைப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, வாக்கியத்தின் மிச்சத்தை அவர் சொன்னார். சிறுவயதில் திண்ணையில் உட்கார வைத்துத் தாத்தா ஒப்பிக்க வைத்ததாம். இருபத்தாறு வட்டங்கள் அன்று மாலைக்குள் தீர்ந்தன. ஓரிடத்தில், "அங்க புள்ளி கெடையாது தம்பி. ஆனா அச்சுல விழுந்துட்டுதுன்னு தாத்தா கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார்" என்றார்.

அதை அழிக்கவில்லை. அடிக்குறிப்பில் எழுதிக்கொண்டேன். மீதிப் பதினைந்து வட்டங்களோடு வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும்; காலையில் வரச் சொல்லியிருக்கிறார், மாலையில் அவருக்குக் களைப்பாகிவிடுகிறதாம்.